பொது ஃபோல்டரில் குடியிருந்த பாட்டீல்

இல்லாத மனிதர்களுக்கு இல்லாத பொருள்களை விற்று, அவை சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்று பார்த்துச் சம்பளம் வாங்குவது என் தொழில்.

இணையத்தில் கடை நடத்துகிறவர்களுக்கு மென்பொருள் செய்து விற்கிறது எங்கள் கம்பெனி. அது ஒரே துண்டாக இருக்காது. பொருள்களைக் காட்டுவது ஒரு துண்டு, வாங்கிய பொருளைக் கூடையில் போடுவது ஒரு துண்டு, வரி ஒன்று, டெலிவரி ஒன்று, பிடிக்காததைத் திருப்பி அனுப்புவது ஒன்று. ஒவ்வொன்றையும் மாட்யூல் என்போம். வேண்டியவர்கள் வேண்டிய மாட்யூலை வாங்கிக் கோத்துக்கொள்ளலாம். தனித்தனியாக இருக்கும்வரை எல்லாம் சமர்த்துப் பிள்ளைகள். ஒன்றாக உட்கார வைத்தால்தான் சண்டை. அந்தச் சண்டை நிஜ வாடிக்கையாளர் முன்னால் நடக்காமல் எங்கள் முன்னாலேயே நடந்து முடியட்டும் என்றுதான் டெஸ்ட் ஓட்டுகிறோம். அதற்குப் பொய் வாடிக்கையாளர், பொய் முகவரி, பொய் ஆர்டர் எல்லாம் வேண்டும். அவற்றை எழுதிவைத்த ஃபைல்களுக்குப் பெயர் டெஸ்ட் டேட்டா. எல்லாம் சரியாக நடந்தால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கிற சமாச்சாரம். அது எந்தத் தொழிலில் இருந்தாலும் உங்களுக்கும் பழக்கமானதுதான்.

ஒரு விஷயம். புனேயில் ஆபீஸ் பேச்சு என்றால் ஒரே வாக்கியத்துக்குள் மராத்தி, ஹிந்தி, ஆங்கிலம் மூன்றும் ஏறி இறங்கும். அவற்றை நம் பேச்சுக்கு மாற்றித் தந்திருக்கிறேன். வேறு எதிலும் நான் கை வைக்கவில்லை.

பெஞ்சில் இருந்தவள்

எங்கள் தொழிலில் ‘பெஞ்ச்’ என்றால், கையில் வேலை இல்லாமல் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு காத்திருப்பது. கேட்கச் சுகமாக இருக்கிறதல்லவா? இருந்து பார்த்தால் தெரியும். பழைய ப்ராஜெக்ட் மூடியதும் என்னையும் பெஞ்சில் போட்டார்கள். என்னோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போக ஆரம்பித்தார்கள். நேற்று பக்கத்தில் உட்கார்ந்து அவல் போஹா சாப்பிட்டவரின் ஆபீஸ் அட்டைக்கு இன்று காலை வாசல் கதவு திறக்காது. வீட்டிலும் நிலைமை சரியில்லை. என் கணவர் முருகேசன் புனேயை அடுத்த தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். ஆர்டர் குறைந்துபோய், அங்கே ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்று ஆக்கிவிட்டிருந்தார்கள். ஆக, வீட்டில் நிச்சயமான வருமானம் என்று சொல்ல என் சம்பளம் ஒன்றுதான். அதுவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் மேனேஜர் தேஷ்பாண்டே சார் கூப்பிட்டார். தீபாவளி விற்பனைக்கு முன்னால் ஒரு பெரிய கடையை நடத்துகிறவர்கள் நம் மென்பொருளுக்கு மாறுகிறார்கள், அதற்குள் எல்லா மாட்யூலும் சேர்ந்து பச்சை ஆக வேண்டும் என்றார். டெஸ்ட் ஃபைல்கள் எல்லாம் ஒரே பொது ஃபோல்டரில் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து, அந்தந்த மாட்யூலுக்கு அதனதன் ஃபைல் என்று அடுக்க வேண்டும். முடித்தால் இந்த டீமிலேயே இருக்கலாம். முடியாவிட்டால்? “பார்க்கலாம்” என்றார். சம்பளத்துக்கு வேலை பார்த்த எவருக்கும் அந்தப் ‘பார்க்கலாம்’ புரியும். கூட ஒரு ஆள் கிடைக்குமா என்று இழுத்தேன். அவர் சிரித்த முகத்தோடு சொன்னார்:

“ஃபைல் அடுக்குற வேலைதானே வசந்தி, இதுல டென்ஷன் ஆக என்ன இருக்கு?”

வீட்டுக்குள் வந்த பாட்டீல்

பேச்சிலர் பசங்கள் சேர்ந்து தங்கியிருக்கும் ஃப்ளாட்டின் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? எது யாருடைய தயிர் என்று யாருக்கும் தெரியாது, தூக்கிப்போடவும் யாருக்கும் மனசு வராது. பொது ஃபோல்டர் அப்படித்தான் இருந்தது. அதன் நடுவில் குடியிருந்தவர் டெஸ்ட் பாட்டீல். எல்லா மாட்யூலின் டெஸ்டுக்கும் அவர் ஒருவர்தான் வாடிக்கையாளர். முதலில் அவரை உண்டாக்கியவர் ரொம்ப எளிமையாக உண்டாக்கியிருந்தார்: சாங்வியில் ஒரு வீடு, ஒரு போன் நம்பர், பிரஷர் குக்கர் வாங்கும் ஆசை. பிறகு வந்தவர்கள் தங்கள் வசதிக்கு அவரை வளைத்தார்கள். வரிக்காரர்கள் அவரைக் கோவாவுக்குக் குடிமாற்றி, மறுபடி சாங்விக்கே கொண்டுவந்தார்கள். திருப்பி அனுப்பும் மாட்யூல்காரர்கள், வாங்கியதையெல்லாம் திருப்பி அனுப்புகிற ஆளாக அவரை ஆக்கினார்கள். அதைப் பார்த்த இன்னொரு மாட்யூல் அவரை மோசடிக்காரர் என்று தடுத்துவைத்தது.

நான் பொறுப்பேற்ற வாரமே கூடை மாட்யூல் எழுதும் ரோஹித் தன் டெஸ்டுக்காகப் பாட்டீலை மொத்த வியாபாரியாக மாற்றிவிட்டான். அவன் பக்கம் பச்சை. மொத்த வியாபாரிக்கு வரிக் கணக்கு வேறு அல்லவா, வரி மாட்யூல் பார்க்கும் ஸ்நேஹல் பக்கம் வரிசையாகச் சிவப்பு. ஸ்நேஹல் நேராக என் சீட்டுக்கு வந்து நின்றாள். “நான் இன்னும் எதையுமே தொடவில்லை” என்றேன். தொடவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஃபோல்டர் என் தலையில் கட்டப்பட்ட நாளிலிருந்து அதற்குள் எது உடைந்தாலும் என் கைங்கர்யம்தான். ரோஹித்தைக் கேட்டேன், வரி மாட்யூல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை என்றான். உண்மைதான். ஸ்நேஹலையும் ஒரு மரியாதைக்குக் கேட்டு வைத்தேன், உங்கள் பக்கம் யாராவது பாட்டீலை மாற்றினீர்களா என்று. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நாங்க பாட்டீல் பக்கமே போகல மேடம், பாட்டீல்தான் எங்க வீட்டுக்குள்ள வந்துட்டாரு.”

யாரும் எதுவும் செய்யாத காலை

பாட்டீலை மாட்யூலுக்கு ஒருவராகப் பிரிக்கத் தொடங்கினேன். ஒரு மாட்யூலைப் பிரித்து, டெஸ்ட் ஓட்டி, பச்சை பார்த்து, அடுத்ததுக்குப் போவது. கொஞ்சம் மூச்சு விடலாம் என்று நினைத்த ஒரு திங்கள்கிழமை, ஆபீசுக்குள் நுழைகிறேன், திரை முழுக்கச் சிவப்பு. சனி, ஞாயிறு யாரும் வேலை செய்யவில்லை. யாரும் எதையும் மாற்றவில்லை. ஒருவர் மாற்றி உடைந்தால் அவரைப் பிடிக்கலாம். யாருமே தொடாமல் உடைந்தால் யாரைப் பிடிப்பது? என் சீட்டைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தேஷ்பாண்டே சார் ஒன்றும் கேட்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

கடைசியில் பார்த்தால், எப்போதோ யாரோ ஒரு டெஸ்டுக்காகத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்றை எழுதிவைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு கடைசித் தேதியும் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அது வெகுதூரத்தில் இருந்திருக்கும். அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டது. கூப்பன் செல்லாது, அதனால் விலை மாறியது, அதனால் வரி மாறியது, எல்லாம் சிவப்பு. நான் அந்தத் தேதியைத் தள்ளிப்போட்டு, இது மாதிரி வேறு தேதிகள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேட உட்கார்ந்தேன். கூட்டம் கலைந்தது. ரோஹித் மட்டும் போகாமல் நின்று, நிஜமான வருத்தத்தோடு சொன்னான்:

“கூப்பன் காலாவதி ஆகுறதெல்லாம் நிஜக் கடையிலதான்னு நெனச்சேன் மேடம், நம்ம பொய்க் கடையிலயுமா?”

யார் வைத்தது

பொது ஃபோல்டரின் அடியில் ஒரு ஃபைல் கிடந்தது. பெயரே ‘டெம்ப்’, அதாவது தற்காலிகம். பல வருஷமாக அது தற்காலிகமாகவே இருந்திருக்கிறது. உள்ளே ஒரே ஒரு ஆர்டர், அதுவும் பாதியில் நின்ற ஆர்டர். யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடினேன், எங்கும் பெயர் வரவில்லை. எடுத்துவிட்டேன். ஒவ்வொரு மாட்யூலையும் தனியாக ஓட்டினால் பச்சை. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் சிவப்பு. திரும்ப வைத்தேன், பச்சை. எடுத்தேன், சிவப்பு. இப்படி எடுத்து வைத்து, எடுத்து வைத்து, அதைப் பார்த்தாலே எனக்குக் குலை நடுங்க ஆரம்பித்தது. அந்த ஒரு ஃபைலுக்காக வேலை போனால் வீட்டில் என்னவென்று சொல்வது?

ஃபைலின் சரித்திரத்தில் கடைசியாகக் கை வைத்தவர் பெயர் இருந்தது. வேலையை விட்டுப் பெங்களூர் போய்விட்ட சரவணன், மதுரைப் பையன். நம்பர் தேடிப் போன் செய்தேன். பாவம், வேலையை விட்டுப் போனவனை வேலை விஷயமாகக் கூப்பிடுவது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்கும் தெரியும். அவன் குரலில் பதற்றம். ‘ஏதாவது உடைஞ்சிருச்சா அக்கா?’ என்றுதான் முதலில் கேட்டான். இல்லை, இந்த ஃபைலை ஏன் வைத்தாய், எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவன் ஒளிக்காமல் சொன்னான்:

“அக்கா, நானும் எடுத்துப் பாத்தேன், செவப்பாயிருச்சு, யாரோ பெரியவங்க வச்சதுபோலன்னு பயந்து, இருந்த எடத்துலயே வச்சுட்டு வந்துட்டேன்.”

தளேகாவிலிருந்து ஒரு அழைப்பு

டெஸ்டில் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போகிற மாதிரி நடிக்க வேண்டும், நிஜமாகப் போகக்கூடாது. அதற்கு ஒரு தடை உண்டு. அந்தத் தடையும் பொது ஃபோல்டரில் ஒரு ஃபைலில்தான் இருந்தது. டெலிவரி ஃபைல்களை நான் புது இடத்துக்கு மாற்றியபோது, தடை பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. ஒரு மதியம் ரிசப்ஷனிலிருந்து, “தளேகாவிலிருந்து உங்களுக்குப் போன்” என்று இணைப்புக் கொடுத்தார்கள். தளேகாவ் என்றதும் எனக்கு உயிர் போய்விட்டது. முருகேசனின் தொழிற்சாலையில் ஏதோ விபத்து, அல்லது மொத்தமாகக் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டில் எது மேல் என்றுகூட அந்த ஒரு நொடியில் மனம் கணக்குப் போட்டது.

அதுவெல்லாம் இல்லை. பேசியவர் அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒரு மராத்திக்காரர். பாட்டீலை உண்டாக்கிய புண்ணியவான் வாய்க்கு வந்த எண்களைப் போட்டு ஒரு போன் நம்பர் எழுதியிருக்கிறார், அது இவருடையது. காலையிலிருந்து, உங்கள் குக்கர் கிளம்பிவிட்டது, குக்கர் வந்து சேர்ந்தது, குக்கர் திருப்பி அனுப்பப்பட்டது என்று நாங்கள் டெஸ்ட் ஓட்டும்போதெல்லாம் இவருக்கு எஸ்எம்எஸ் போயிருக்கிறது. எஸ்எம்எஸ்ஸில் எங்கள் நம்பர் இருந்ததால் கூப்பிட்டார், பாட்டீல் என்ற பெயரைக் கேட்டதும் ரிசப்ஷனில் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். இது எங்கள் புதுக் கடைக்காரர்கள் காதுக்குப் போனால் என் கதை முடிந்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு மன்னிப்புக் கேட்டேன், போனில் அது தெரியாது என்பதுகூடத் தோன்றவில்லை. நம்பரை உடனே எடுத்துவிடுகிறேன், இனி ஒரு எஸ்எம்எஸ் வராது, வேண்டுமானால் எழுதியே தருகிறேன் என்றேன். அவருக்குப் புகார் கொடுக்கிற எண்ணமே இல்லை. அவர் கவலை வேறு. போன் வீட்டு மேஜையில் இருந்தபோது, குக்கர் வந்து சேர்ந்தது என்ற செய்தியை மனைவி படித்துவிட்டாராம், நம் வீட்டுக்கு எந்தக் குக்கரும் வரவில்லையே என்கிறாராம். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“குக்கர் எனக்கு வேண்டாம் மேடம், அது வேற எந்த வீட்டுக்கும் போகலேன்னு என் பெண்டாட்டிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

மார்க்‌ஷீட்

இந்த வேலை ஆபீசோடு நிற்கும் என்று நினைக்கிறவர்கள் இதில் இல்லாதவர்கள். எங்கள் வீடு இருக்கும் பழைய சாங்வி போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் பார்ப்பேன், சிவப்பா பச்சையா என்று. குக்கர் விசில் அடித்தால்கூட எனக்கு டெஸ்ட் ஞாபகம்தான் வரும். முருகேசனுக்கு வீட்டு வாரம் வந்தால் அவர்தான் சமைப்பார். “சாப்பிடு வசந்தி, அந்தச் செவப்பு நாளைக்கும் அங்கயேதான் இருக்கும்” என்பார். அதுதான் என் பயமே என்று அவருக்குப் புரியாது. இல்லை, புரிந்திருக்கும். அவருடைய தொழிற்சாலை விஷயத்தை அவர் என்னிடம் சொல்வதில்லை, என் ஃபோல்டர் விஷயத்தை நான் முழுசாகச் சொல்வதில்லை. இரண்டு பேரும் தைரியமாக இருப்பது போல ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்கு ஒரே பெண், கயல். தமிழ் பேசுவாள், ஆனால் பாதி வழியில் ஹிந்திக்குத் தாவிவிடுவாள். சிவப்பும் பச்சையும் அவளுக்கு லாலும் ஹராவும்தான், இன்றைக்கு என்பது ஆஜ், சொன்னார் என்பது போலா. ஒரு சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே வாசலில் வந்து நின்றாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. உள்ளேயிருந்து முருகேசன் வேண்டாம் என்று ஜாடை காட்டுகிறார். அவள் கவனிக்கவில்லை.

“அம்மா, ஆஜ் உன் கம்ப்யூட்டர் லாலா ஹராவா, ஹரா இருந்தா மட்டும்தான் மார்க்‌ஷீட் காட்டணும்னு அப்பா போலா.”

எல்லாம் பச்சை

‘டெம்ப்’ ஃபைலை நானும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். ஃபைல்கள் இடம் மாறியும் இன்னும் பாட்டீலையே நம்பியிருந்த டெலிவரி மாட்யூலைக் கடைசியாகப் பிரித்தேன். பாட்டீலுக்குப் பதிலாக அதற்கென்று ஒரு புது வாடிக்கையாளர், குப்தே. தீபாவளிக்கு மக்கள் என்ன செய்வார்கள்? ஒரே ஆர்டரில் ஸ்வீட் பெட்டிகள் வாங்கி, தனக்கொன்று, அம்மா வீட்டுக்கொன்று, அண்ணன் வீட்டுக்கொன்று என்று அனுப்புவார்கள். அதனால் குப்தேக்கு மூன்று முகவரிகள் கொடுத்தேன். டெஸ்ட் சிவப்பு. ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கமா கூடத் தப்பாக இல்லை. மறுநாள் கடைக்காரர்களோடு கூட்டம், இறுதி முடிவு. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால், அதிசயம், எல்லா மாட்யூலும் பச்சை. ஒரு சிவப்புப் புள்ளி கிடையாது.

சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்குத்தான் சந்தோஷம் வந்தால் சந்தேகமும் கூடவே வந்துவிடுமே. என்ன மாறியது என்று தேடினேன். ஒவ்வொரு டெஸ்டுக்கும் விடை ஃபைல் ஒன்று உண்டு. இந்த ஆர்டருக்கு இது நடக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். மூன்று பெட்டி, மூன்று வீடு என்று நான் எழுதியிருந்தேன். இப்போது மூன்று பெட்டியும் முதல் வீட்டுக்கு என்று இருந்தது. பரீட்சையில் பிள்ளை தப்பாக எழுதினால் வாத்தியார் விடைக் குறிப்பைத் திருத்தி முழு மார்க் போடுகிற மாதிரி. இது எங்கள் தொழிலில் நடக்காத ஒன்றில்லை, படிக்கிறவர்களில் சிலர் இப்போது தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. கோளாறு மென்பொருளிலேயே இருந்திருக்கிறது, ரொம்ப நாளாக. பழைய பாட்டீலுக்கு ஒரே ஒரு வீடு. எத்தனை பெட்டி வாங்கினாலும் எல்லாம் அந்த ஒரு வீட்டுக்குத்தான் போகும், அதனால் எப்போதும் பச்சை. மூன்று வீடு உள்ள ஆளை நான் கொண்டுவந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. டெலிவரியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த ரோஹித்திடம் போனேன். அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை. இத்தனை வாரமாகச் சிவப்பு வந்தபோதெல்லாம் காரணம் டேட்டாதான் என்று பார்த்துப் பழகியவன் அவன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்:

“உங்க டேட்டாதான் எப்பவும்போலத் தப்பா இருக்கும்னு விடையைத் திருத்திட்டேன் மேடம், கூட்டத்துக்கு முன்னாடி பச்சை வந்துருச்சுல்ல?”

கூட்டத்தில்

விடை ஃபைலைப் பழையபடி மாற்றினேன். திரை சிவப்பானது. அதை ரோஹித்தையும் என்னையும் தவிர யாரும் பார்க்கவில்லை. மறுபடி பச்சையாக்கவும் ஒரு நிமிஷம் போதும். பேசாமல் இருந்தால் என் வேலை நிலைக்கும். கோளாறு தீபாவளி நெரிசலில் எங்கோ வெளிப்படும்போது அது டெலிவரி மாட்யூலின் தலைவலி. சொன்னால், ‘வசந்தியின் டேட்டா மறுபடியும்’ என்பார்கள், அப்புறம் பெஞ்ச். பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதேன். முருகேசனுக்குப் போன் செய்து, ‘சாயங்காலம் எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல’ என்றேன். ஏன் என்று கேட்காமல், ‘சரி, நீ வா, பாத்துக்கலாம்’ என்றார். அவருக்கு அது வேலை இல்லாத வாரம்.

கூட்டத்துக்குக் கடைக்காரர்கள் சார்பில் மும்பையிலிருந்து மேத்தா மேடம் வந்திருந்தார். நரைத்த முடி, காட்டன் புடவை, யாரையும் அவசரப்படுத்தாத பேச்சு. தேஷ்பாண்டே சார் எழுந்து எல்லாம் பச்சை என்று அறிவித்தார். இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு, “சார், டெலிவரி சிவப்பு” என்றேன். சரியாக அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே ஒரு விமானம். எங்கள் ஆபீஸ் இருப்பது விமான நிலையத்தை ஒட்டிய விமான் நகரில், அங்கே இது சகஜம். அது இறங்கும்வரை எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாகக் காத்திருப்போம். சத்தம் அடங்கியதும் தேஷ்பாண்டே சார், “என்னமோ சொன்னீங்களே?” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. இருந்த தைரியம் அந்த விமானத்தோடு போய்விட்டது. ‘ஒன்றுமில்லை சார்’ என்று நாக்கு நுனிவரை வந்தது. எதிரே ரோஹித் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். எப்படியோ இன்னொரு தடவை சொல்லிவிட்டேன்.

“டேட்டாவா, கோடா?” என்றார் தேஷ்பாண்டே சார். கோடு, அதாவது தப்பு மென்பொருளில்தான் என்றேன். டேட்டா என்றான் ரோஹித். எங்களை விட்டால் அங்கேயே அடித்துக்கொண்டிருப்போம். மேத்தா மேடம் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். எங்கள் குப்தே, பாட்டீல் ஒருவரும் வேண்டாம் என்று, தானே ஒரு ஆர்டர் போட்டார். மூன்று ஸ்வீட் பெட்டி: ஒன்று தன் வீட்டுக்கு, ஒன்று சூரத்தில் அம்மாவுக்கு, ஒன்று நாக்பூரில் நாத்தனாருக்கு. பட்டனை அழுத்தினார். திரையில் மூன்று பெட்டிக்கும் ஒரே முகவரி வந்தது, அவருடைய மும்பை வீடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தேஷ்பாண்டே சாரிடம் கேட்டார்:

“தீபாவளிக்கு அவ ஸ்வீட்டும் என் வீட்டுக்கே வந்து நின்னா, நாத்தனாருக்கு யார் பதில் சொல்றது, நீங்களா நானா?”

இனிமேல்

மேத்தா மேடம் கூடுதலாகச் சில நாள் அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார். ரோஹித்தும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கோளாறைச் சரிசெய்தோம். அவன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு மதியம் வடாபாவ் வாங்கிவந்து, பச்சை மிளகாயைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினான். விற்பனை தொடங்கியது. அவரவர் பெட்டி அவரவர் வீட்டுக்குப் போனது. பாராட்டு மெயில் ஒன்று வந்தது, அதில் டெலிவரி மாட்யூலைப் புகழ்ந்திருந்தார்கள். டெஸ்ட் டேட்டா என்ற வார்த்தை அதில் இல்லை. இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

விற்பனை முடிந்ததும் தேஷ்பாண்டே சார் அறைக்குக் கூப்பிட்டார். கடைக்காரர் முன்னால் அவர் முகத்தில் கரி பூசியவள் நான். நடந்து போகும்போதே மனத்துக்குள் மேஜையைக் காலி செய்துவிட்டேன். கயல் வரைந்து கொடுத்த காலண்டரை எந்தப் பையில் வைப்பது என்பது வரைக்கும். அவர் உட்காரச் சொன்னார். பெஞ்சுக்கு அனுப்பும் பெயர்களில் என் பெயரை அடித்துவிட்டதாகச் சொன்னார். அழுதுவிடுவேனோ என்று பயந்து ஜன்னலைப் பார்த்தேன். இன்னொரு டீமின் பொது ஃபோல்டர் இதைவிட மோசமாம், திங்கள்கிழமையிலிருந்து அதுவும் என்னுடையதாம். பிறகு தன் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு மாட்யூலின் ஃபோல்டருக்கு மேலேயும் ‘பொறுப்பாளர்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார். கூடையில் வசந்தி, வரியில் வசந்தி, டெலிவரியில் வசந்தி, கீழே போகப் போக வசந்தி. நான் முழுசாகப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து, பரிசு கொடுக்கிறவரின் முகத்தோடு சொன்னார்:

“இனிமே எந்த மாட்யூல்ல எது சிவப்பானாலும் முதல்ல வசந்தி மேடத்தைக் கேளுங்கன்னு எல்லாருக்கும் மெயில் போட்டுட்டேன், சந்தோஷம்தானே?”

வேலை என்னை விட்டுப் போய்விடுமோ என்ற பயம் தீர்ந்து, இந்த வேலை என்னை விடவே விடாதோ என்ற பயம் தொடங்கியிருக்கிறதே, இத்தனை பாடுபட்டு நான் கண்ட முன்னேற்றம் அதுதான்.